செல் செத்தது சரி, எதனால்?

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். மிசாய் கூச்சிங் என்ற பூனைமீசைச் செடியின் இலையில் இருக்கும் ரோஸ்மரினிக் அமிலம், சினன்செட்டின் இரண்டையும் பிரித்தெடுத்து எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் சோதித்தேன். உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில், 72 மணி நேரத்தில் ரோஸ்மரினிக் அமிலத்தின் ஐசி50, அதாவது பாதி அளவுக்குத் தடுக்கும் செறிவு, சுமார் 40 மைக்ரோமோலார். செல் வளர்ச்சிக்குச் சமிக்ஞை தரும் பிஐ3கே ஆல்ஃபா நொதியோடு டாக்கிங் (மூலக்கூறு எவ்வளவு இறுகப் பொருந்தும் என்ற கணினி மதிப்பீடு) செய்தபோது −9.8 கிலோகலோரி வந்தது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் அளவை ஒளியாகக் காட்டும் கிட்டில் அதே நொதியை 6 மைக்ரோமோலாரில் பாதி தடுத்தது. ஒப்பீட்டுக்கு எல்ஒய்294002 என்ற பிஐ3கே தடுப்பானை 50 மைக்ரோமோலாரில் போட்டேன். அதிலும் செல்கள் செத்தன. 24 மணி நேரம் கழித்து, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் சோதனையில் பாஸ்போ-ஏகேடி (பிஐ3கே வேலை செய்தால் பாஸ்பேட் ஏறும் ஏகேடி புரதம்) பட்டையும் மங்கியிருந்தது. 'புதிய பிஐ3கே தடுப்பான்' என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைக்கலாமா? மேற்பார்வையாளர் இது போதும் என்கிறார். எனக்கு உறுத்துகிறது. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, பணம்தான் குறைவு. தாவர மூலக்கூறு என்றாலே சந்தேகப்படுகிறார்களே, அது நியாயமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவி, பினாங்கு

பதில்

அன்புள்ள மாணவிக்கு,

அந்தத் தலைப்பை இப்போதைக்கு வைக்காதீர்கள். உங்கள் உறுத்தல் சரிதான். கடிதத்தில் இருக்கும் எண்களே அதற்குச் சான்று.

கிட்டில் ஏடிபி எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் கேஎம் அளவை, அதாவது நொதி பாதி வேகத்தில் ஓடத் தேவையான செறிவை, ஒட்டியே வைப்பார்கள். உங்கள் மூலக்கூறு ஏடிபியோடு போட்டியிட்டு உட்காருவதானால், ஐசி50-ஐ (1 + ஏடிபி செறிவு/கேஎம்) என்பதால் வகுத்தால் கேஐ, அதாவது மூலக்கூறு நொதியைப் பிடிக்கும் உண்மையான வலிமை, கிடைக்கும். ஏடிபி கேஎம்-க்குச் சமமாக இருந்தால் 6-ஐ 2-ஆல் வகுத்து 3 மைக்ரோமோலார். இனி செல்லுக்குள் வாருங்கள். அங்கே ஏடிபி 1 முதல் 5 மில்லிமோலார் வரை கிடக்கிறது. கேஎம் 50 மைக்ரோமோலார் என்றும் செல்லின் ஏடிபி 2 மில்லிமோலார் என்றும் வைத்துக்கொண்டால் பெருக்க வேண்டிய எண் 41. அதாவது செல்லில் பாதி தடுக்கவே 120 மைக்ரோமோலாருக்கு மேல் தேவை. உங்கள் செல்களோ 40-இலேயே செத்துவிட்டன. அதிலும் ரோஸ்மரினிக் அமிலம் பெயருக்கேற்ப ஓர் அமிலம். உடலின் பிஎச்சில் எதிர்மின்னேற்றத்தோடு நிற்கும், செல் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. நொதியைத் தடுத்ததால்தான் செல் செத்தது என்ற கதை இந்தக் கணக்கில் நிற்கவில்லை. கிட்டில் போட்ட உண்மையான ஏடிபி அளவையும் கேஎம்மையும் வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டாக்கிங் எண்ணை எடுத்துவிடச் சொல்லவில்லை, ஆனால் அதைச் சான்றாக நிறுத்தாதீர்கள். −9.8 என்பதை அப்படியே நம்பினால் பிணைப்பு மாறிலி சுமார் 66 நானோமோலார் வர வேண்டும். நீங்கள் அளந்ததோ மைக்ரோமோலார். இந்த மென்பொருள்களில் 2, 3 கிலோகலோரி பிசகுவது சாதாரணம். 3 கிலோகலோரி பிசகினால் செறிவில் 150 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அப்படியானால் செல் எதனால் செத்தது? ரோஸ்மரினிக் அமிலத்தில் இரண்டு கேட்டிகால் வளையங்கள் (அடுத்தடுத்து இரண்டு ஓஎச் தொகுதிகள் கொண்டவை) உள்ளன. கேட்டிகால், செல்கள் வளரும் திரவமான மீடியத்தில் கரைந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், தானும் குயினோனாக மாறும். செல்லைக் கொன்றது அந்தப் பெராக்சைடாக இருக்கலாம். இதைச் சோதிக்க அதிகச் செலவில்லை. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியை மில்லிலிட்டருக்கு 200 யூனிட் வீதம் சேர்த்த குழிகள், சேர்க்காத குழிகள், கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸ் சேர்த்த குழிகள் என மூன்று வரிசை வையுங்கள். முதல் வரிசையில் மட்டும் செல்கள் பிழைத்தால் விடை கிடைத்துவிட்டது. மீடியம் புட்டியின் லேபிளையும் பாருங்கள். வழக்கமான ஆர்பிஎம்ஐ 1640-இல் பைருவேட் கிடையாது. டிஎம்இஎம் சில வகைகளில் 1 மில்லிமோலார் இருக்கும். பைருவேட் பெராக்சைடைத் தின்றுவிடும். ஒரே மூலக்கூறு பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வேறு ஐசி50 காட்டுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஆளின் கைராசி என்று நினைத்துக்கொள்வோம்.

எம்டிடியிலும் இதே வகைச் சிக்கல் உண்டு, ஆனால் எதிர்த்திசையில். ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றக்கூடியவை. அதனால் செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். மீடியம், மூலக்கூறு, எம்டிடி மூன்றும் இருந்து செல் மட்டும் இல்லாத குழிகளை ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். எம்டிடி போடுவதற்கு முன் பழைய மீடியத்தை எடுத்துவிட்டு ஒருமுறை கழுவுங்கள். இத்தோடு கிரிஸ்டல் வயலெட் சாயமிட்டோ உட்கருக்களை எண்ணியோ ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஏடிபியை வைத்து ஒளி தரும் லூசிஃபரேஸ் நொதி கொண்ட கிட்டுக்கு மாறலாமா என்று தோன்றும். அதிலும் உங்கள் மூலக்கூறு லூசிஃபரேஸையே தடுக்கலாம்.

நொதி சோதனைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அடினோசின் டைபாஸ்பேட், அடினோசின் டிரைபாஸ்பேட் இரண்டின் சுருக்கமும் தமிழில் ஏடிபி என்றே வருவதால் இங்கே டைபாஸ்பேட், டிரைபாஸ்பேட் என்றே சொல்கிறேன். மேலே நான் ஏடிபி என்றது டிரைபாஸ்பேட்டை. வினையில் உண்டான டைபாஸ்பேட்டை டிரைபாஸ்பேட்டாக மாற்றி லூசிஃபரேஸால் ஒளியாக்கும் கிட் உங்களுடையது என்றால், பிஐ3கே இல்லாத குழிகளில் தெரிந்த அளவு டைபாஸ்பேட்டைப் போட்டு, மேலே உங்கள் மூலக்கூறைச் சேருங்கள். அங்கும் ஒளி குறைந்தால் 6 மைக்ரோமோலார் என்பது லூசிஃபரேஸின் ஐசி50. பிஐ3கே-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது திரளல். சினன்செட்டின் போன்ற எண்ணெய்த்தன்மை கொண்ட மூலக்கூறுகள் மைக்ரோமோலார் செறிவில் நீரில் கூழ்மத் துகள்களாகத் திரண்டு, நொதியைத் தங்கள் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகான தடுப்பு வளைவு வரும், சரிவு மட்டும் செங்குத்தாக இருக்கும். அந்தச் சரிவைக் காட்டும் ஹில் எண் 2-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். வழக்கமான தீர்வு டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளை 0.01% சேர்ப்பது. திரளல் என்றால் தடுப்பு மறைந்துவிடும். ஆனால் பிஐ3கே-க்கு ஓர் எச்சரிக்கை: அந்த நொதி பாஸ்பேட் ஏற்றும் பொருளான பிஐபி2 ஒரு கொழுப்பு, நுண்குமிழ்களாக இருப்பது. டிரைட்டன் அவற்றையும் கலைத்துவிடும். அதனால் நம்பகமான வேறொரு தடுப்பானையும் அதே டிரைட்டனில் ஓட்டுங்கள். அதன் ஐசி50 அசையாமல் உங்களுடையது மட்டும் காணாமல் போனால் தான் முடிவுக்கு வரலாம். நொதியைப் பத்து மடங்காக்கிப் பார்ப்பது இன்னொரு வழி. சாதாரணத் தடுப்பானுக்கு ஐசி50 பெரிதாக மாறாது, திரளலுக்கு ஏறிவிடும்.

இப்போது எல்ஒய்294002. இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். பிஐ3கே-க்கு அதன் ஐசி50 சுமார் 1.4 மைக்ரோமோலார். 50-இல் போடும்போது எம்டார், டிஎன்ஏ-பிகே, சிகே2, பிஆர்டி4 வகை புரோமோடொமைன்கள் என்று வேறு புரதங்களின் ஒரு கூட்டமே அடிபடுகிறது. அதன் செயலற்ற இணை (கிட்டத்தட்ட அதே அமைப்பு, ஆனால் இலக்கைத் தொடாதது) என்று விற்கப்படும் எல்ஒய்303511 பிஐ3கே-யை விட்டுவிடும், ஆனால் சிகே2-வையும் எம்டாரையும் தொடும். உங்கள் மூலக்கூறும் இதுவும் ஒரே மாதிரி செல்லைக் கொன்றன என்பதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

புரோப் என்று ஆய்வுக்கூடங்களில் சொல்லும் கருவி மூலக்கூறுக்கு ஓரளவு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் உண்டு: தனி நொதியில் 100 நானோமோலாருக்குள் வேலை செய்ய வேண்டும், அதே குடும்பத்துப் புரதங்களைவிட 30 மடங்காவது தேர்ந்து தாக்க வேண்டும், செல்லில் 1 மைக்ரோமோலாருக்குள் இலக்கைத் தொட்டதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். மருந்துக்கு வேண்டிய உறிஞ்சல், பாதுகாப்பு எல்லாம் இதற்குக் கட்டாயமில்லை. அதேபோல் கடையில் விற்கும் நல்ல மருந்து நல்ல புரோபாக இருக்க வேண்டியதும் இல்லை. கெமிக்கல் புரோப்ஸ் போர்ட்டல் என்ற இலவசத் தளத்தில் நிபுணர்கள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் எந்தச் செறிவைத் தாண்டக் கூடாது என்பதும் எழுதியிருக்கிறார்கள். நல்ல புரோபையும் கெடுக்க முடியும். எட்டு புரோப்களைப் பயன்படுத்திய 662 ஆய்வுக்கட்டுரைகளை 2023-இல் ஒரு குழு அலசியது. சரியான செறிவு, செயலற்ற இணை, வேறு அமைப்புள்ள இரண்டாவது புரோப் மூன்றையும் கடைப்பிடித்தவை 4% தான்.

உங்களுக்கு வேண்டியது அல்பெலிசிப், பிக்டிலிசிப் என்ற பிஐ3கே தடுப்பான்கள் இரண்டும். இரண்டின் வேதி அமைப்பும் வேறு, இரண்டும் ஆல்ஃபா வடிவத்தை ஒற்றை இலக்க நானோமோலாரில் தடுக்கும், செல்லில் 1 மைக்ரோமோலாரைத் தாண்டத் தேவையில்லை. 5 மில்லிகிராம் வாங்கினால் ஆய்வு முடியும்வரை மிஞ்சும்.

அவற்றை வைத்துச் செய்ய வேண்டிய முதல் சோதனை பாஸ்போ-ஏகேடி, ஆனால் 24 மணியில் அல்ல. பிஐ3கே தடுக்கப்பட்டால் ஏகேடியின் செரின் 473, திரியோனின் 308 என்ற இடங்கள் இரண்டிலும் பாஸ்பேட் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். 15, 30, 60 நிமிடங்களில் எடுங்கள், கூடவே மொத்த ஏகேடி-யையும் ஓட்டுங்கள். அல்பெலிசிப் குழியில் பட்டை ஒரு மணியில் மறைந்து, ரோஸ்மரினிக் அமிலத்தில் ஒரு நாள் கழித்துத்தான் மங்குகிறது என்றால், சாகும் செல்லில் எல்லாமே மங்குவதைத்தான் பார்க்கிறீர்கள்.

இரண்டாவது இன்னும் மலிவு. எம்சிஎஃப்-7-இல் பிஐ3கே ஆல்ஃபா மரபணுவில் இ545கே மாற்றம் இருக்கிறது, டி47டி என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல்வகையில் எச்1047ஆர். எம்டிஏ-எம்பி-231 என்ற மூன்றாவது வகையில் அந்த மரபணு இயல்பானது. பெரும்பாலான ஆய்வுக்கூட ஃபிரீசர்களில் இந்த மூன்றும் இருக்கும். அல்பெலிசிப் முதலிரண்டை அடக்கும், மூன்றாவதில் திணறும். உங்கள் மூலக்கூறு மூன்றையும் ஒரே செறிவில் கொன்றால் பிஐ3கே ஆல்ஃபா காரணமல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையையும் தாண்டி சினன்செட்டின் ஏதாவது நல்ல அறிகுறி காட்டினால் செட்சா செய்யுங்கள். மூலக்கூறு உட்கார்ந்த புரதம் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்பதே அதன் அடிப்படை. செல்களுக்கு ஒரு மணி நேரம் மூலக்கூறு கொடுத்து, பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, பிசிஆர் குழாய்களில் 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, 37 முதல் 67 டிகிரி வரை மூன்று நிமிடம் சூடாக்குங்கள். திரவ நைட்ரஜனில் மூன்று முறை உறையவைத்து உருக்கி, 20,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றி, மேல்நீரை வெஸ்டர்னில் ஓட்ட வேண்டும். முதலில் அல்பெலிசிப்பால் வளைவு நகர்கிறதா பாருங்கள். அதுவே நகரவில்லை என்றால் அந்தப் புரதத்துக்கு இந்த முறை ஒத்துவரவில்லை, சினன்செட்டினைக் குறை சொல்ல முடியாது.

கையாளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் பாதிச் சோதனைகள் அங்கேதான் கெடுகின்றன. மூலக்கூறைக் கரைத்து வைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும். ஃபிரீசரிலிருந்து எடுத்த குழாயைக் குளிரோடு திறந்தால் உள்ளே நீர் படியும், செறிவு குறையும், அடுத்த உறைதலில் சினன்செட்டின் படிந்துவிடும். 36 மில்லிகிராம் ரோஸ்மரினிக் அமிலத்தை ஒரு மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மில்லிமோலார். அதை 20 மைக்ரோலிட்டர் குழாய்களாகப் பிரித்து, ஒருமுறை எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும். ஏர்கான் 18-இல் ஓடும் அறையில் குழாயின் அடியில் உறைந்த அடுக்கு தங்கியிருக்கும். கையில் வைத்து முழுக்க உருக்கி, வோர்டெக்ஸ் செய்த பிறகே பிப்பெட்டை விடுங்கள். செறிவு வரிசையை டிஎம்எஸ்ஓவிலேயே 1000 மடங்காகத் தயாரித்து, கடைசியில் மீடியத்தில் ஆயிரத்தில் ஒன்றாகக் கலந்தால் எல்லாக் குழியிலும் 0.1% இருக்கும்.

வாங்கிய புட்டியையும் நம்பிவிட வேண்டாம். போசுட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தின் பெயரில் விற்கப்பட்ட பொடிகளில் சில, குளோரின் இடம் மாறிய வேறொரு மூலக்கூறு என்று 2012-இல் வெளிவந்தது. இரண்டுக்கும் நிறை ஒன்றே, நிறையை அளக்கும் எல்சி-எம்எஸ் பார்த்தால் சரி என்றே சொல்லும். அணுக்கள் எங்கே அமர்ந்துள்ளன என்று காட்டும் புரோட்டான் என்எம்ஆர் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

இலக்கைத் தவறாக நம்புவது மாணவர்களின் பழக்கம் மட்டுமல்ல. இனிபாரிப் என்ற மூலக்கூறு, டிஎன்ஏ-வைச் சீராக்கும் பார்ப் நொதியின் தடுப்பான் என்ற பெயரோடு மார்பகப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனைவரை போய் 2011-இல் தோற்றது. உண்மையில் அது பார்ப்பை உருப்படியாகத் தடுப்பதில்லை. மெல்க் என்ற கைனேஸை (பாஸ்பேட் ஏற்றும் நொதி) தாக்குவதாகச் சொல்லப்பட்ட மூலக்கூறுகள் அந்த மரபணுவே நீக்கப்பட்ட செல்களையும் கொன்றன. அவற்றில் ஓடிஎஸ்964 என்பது சிடிகே11 என்ற வேறொரு கைனேஸைத் தாக்குகிறது என்பது 2019-இல் தெரிந்தது. அதைத் தாங்கிப் பிழைத்த செல்களின் சிடிகே11 மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்ததே சான்று.

தாவர மூலக்கூறுகளைச் சந்தேகிப்பது நியாயமா என்று கேட்டீர்கள். கேட்டிகாலைச் சந்தேகிப்பது நியாயம், தாவரத்தை அல்ல. சரவாக் காட்டில் 1987-இல் சேகரித்த பிந்தாங்கோர் மர இலையிலிருந்து வந்தது கலனோலைட் ஏ. அது எச்ஐவியின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத் தாக்குவதாகச் சொன்னபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. மருந்துக்கு மசியாத வைரஸ்களில் அந்த நொதியின் மரபணுவே மாறியிருந்தது. போர்னியோவின் அக்லாயா மரத்தில் கிடைக்கும் சில்வெஸ்ட்ரால், செல்லின் புரத உற்பத்திக்கு உதவும் ஈஐஎஃப்4ஏ என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அந்தப் புரதத்தில் 163-ஆம் அமினோ அமிலத்தை மாற்றிய செல்கள் மசியவில்லை. வேடிக்கை என்னவென்றால், தன் நஞ்சில் தானே சாகாமலிருக்க அக்லாயா மரமும் அதே இடத்தில்தான் மாற்றம் வைத்திருக்கிறது.

மேற்பார்வையாளரிடம் முதல் மாதத்தில் மூன்று சோதனைகளுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள்: கேட்டலேஸ், செல் இல்லாத எம்டிடி குழிகள், நொதி இல்லாத ஒளிச் சோதனை. மூன்றுக்கும் புதிதாக வாங்க வேண்டியது கேட்டலேஸ் பொடி ஒன்றுதான். ரோஸ்மரினிக் அமிலம் மூன்றிலும் விழுந்துவிட்டால் அதை ஓர் அத்தியாயமாக எழுதுங்கள். மிசாய் கூச்சிங்கை வைத்து ஆய்வு செய்யும் பலருக்கு இன்னொரு ஐசி50-ஐவிட அந்த அத்தியாயம் பயன்படும். மீதி ஏழு மாதத்தைக் கேட்டிகால் இல்லாத சினன்செட்டினுக்குக் கொடுங்கள். அல்பெலிசிப்புக்கு இன்றே ஆர்டர் போட்டுவிடுங்கள், வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம்.