மலையகத்து ஈரத்தில் எண்ணெய் ஓவியங்களைக் காயவைத்துத் தனிநபர் கண்காட்சி வைக்க முடியுமா?

முடியும். ஹட்டனில் மண்டபம் பேசியாகிவிட்டது, கனவு போலப் பல அடுக்கில் வரைந்த படங்களோ இன்னும் கையில் ஒட்டுகின்றன, ஒன்றிரண்டு வெடித்தும்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் ஈரத்தைத்தான் திட்டுவார்கள். ஈரமும் குளிரும் பாதிக் காரணம். மீதி, நீங்கள் அடுக்கிய வரிசை.

எண்ணெய் வர்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துத்தான் இறுகும், குளிரில் அது இழுபடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். கொழும்பில் இருப்பவர் சொல்லும் காயும் கணக்கு இங்கே எடுபடாது. அடி இறுகாமல் மேல் மட்டும் இறுகினால், பிறகு அடி அசையும்போது மேல் வெடிக்கத்தான் செய்யும்.

அதனால் முதல் அடுக்குக்கு டர்பன்டைன் மட்டும் கலந்த மெல்லிய வர்ணம். அடுத்ததற்குக் குழாயிலிருந்து வருவது அப்படியே. அதற்கு மேலே ஒளி ஊடுருவும் அடுக்குகளுக்கு ஸ்டாண்ட் எண்ணெய் (காய்ச்சித் தடிப்பாக்கிய லின்சீட்) 1 பங்கு, டமார் வார்னிஷ் (டமார் என்ற மரப்பிசினில் செய்தது) 1 பங்கு, டர்பன்டைன் 5 பங்கு. மேலே போகப்போக எண்ணெய் கொஞ்சம் கூடலாம், குறையவே கூடாது. அடியில் பேர்ன்ட் அம்பர் என்ற பழுப்பைப் போடுங்கள், சீக்கிரம் காயும். ஐவரி பிளாக்கை அடியில் தடிப்பாகப் போட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். கண்காட்சித் தேதி நெருங்கிவிட்டதென்றால் அடி அடுக்குகளை அக்ரிலிக்கில் முடியுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும், எண்ணெய் மேல் அக்ரிலிக் உரியும். 10 பாகைக்குக் கீழே இறங்கும் இரவில் அக்ரிலிக்கும் சரியாகப் படியாது, அதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியை வரைய சிங்க் வைட்தான் மெல்லிசாக வரும் என்று பலர் அதை அள்ளிப் பூசுகிறார்கள். எண்ணெயில் சிங்க் வைட் வருடங்கள் போகப்போக நொறுங்கும், செதில் செதிலாக உரியும். டைட்டானியம் வைட்டைத் தூரிகையில் எடுத்து, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த இருண்ட நீலத்தின்மேல் வட்டமாகத் தேயுங்கள். கன்வஸின் மேடுகளில் மட்டும் வெள்ளை பிடித்து, பள்ளத்தில் நீலம் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மூடுபனி இறங்கியது போலிருக்கும். மேலடுக்கு பிடிக்காமல் முத்து முத்தாகத் திரண்டால், துணியில் துளி எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள்.

லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) வரைகிறவர்களுக்கு இரண்டு விஷயம். விறகடுப்புப் புகை ஈரப் பூச்சில் ஒட்டினால் அடுத்த அடுக்குக்குள் சிறைப்பட்டுவிடும், எந்த வார்னிஷும் அந்த மங்கலை எடுக்காது. இஸ்தோப்புப் (வாசல் திண்ணைப்) பக்கம், மேலே துணி கட்டிக் காயவையுங்கள். லின்சீட் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகரத்தில்தான் போட வேண்டும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் என்ன ஆகுமென்று நான் சொல்லத் தேவையில்லை.

'இதெல்லாம் பழைய விதி, லிக்குவின் (வர்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் கலவை) போட்டால் ஒரே நாளில் காயும்' என்று கீழே யாராவது எழுதுவார்கள். போடலாம், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மெல்லிசாக. தடிப்பாகப் போட்டால் அதுவும் தோல் கட்டும். ஹட்டன் பக்கம் காற்று காய்வது ஜனவரி முதல் மார்ச் வரை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. தேதியை அதற்கேற்ப வையுங்கள். வார்னிஷ் மழை நாளில் அடித்தால் பால் போல வெளுக்கும். படம் முழுதாகக் காய ஆறு மாதமாவது ஆகும், அதற்குள் டமார் வார்னிஷால் மூட வேண்டாம். தடிப்பான இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மலையகத்து ஓவியர் என்றால் தேயிலைக் கொழுந்துக் கூடை எங்கே என்று கேட்க நாலு பேர் வருவார்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் படம் வாங்குவதில்லை. அவர்களுக்காக ஒரு மூலையில் கூடையை வரைந்து சேர்க்காதீர்கள்.

மண்டபச் சுவர் ஆணி தாங்காது. மேலே ரீப்பை (மெல்லிய மரச்சட்டம்) அடித்து நைலோன் கயிற்றில் தொங்கவிடுங்கள், படத்தின் நடு தரையிலிருந்து 150 சென்றிமீற்றரில் இருக்கட்டும். கீழ் மூலை இரண்டிலும் கோர்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு சென்றிமீற்றராவது தள்ளி வைக்காவிட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். டியூப் வெளிச்சம் பளபளப்பில் பட்டு அடுக்குகளையே மறைத்துவிடும். மேலிருந்து 30 பாகைச் சரிவில் மஞ்சள் எல்ஈடி ஸ்பொட் போதும்.

அதே படங்கள் பிறகு கொழும்புக்குப் போவதென்றால், இறக்கியவுடன் பிரிக்காதீர்கள். குளிர்ந்த கன்வஸில் அங்குள்ள ஈரக் காற்று பட்டதும் வியர்த்துவிடும். ஒரு நாள் சுற்றியபடியே இருக்கட்டும். சுற்றும்போது குமிழிப் பொலித்தீன் வர்ணத்தைத் தொடக்கூடாது, வட்ட வட்டமாக அச்சு விழும். இடையில் கேக் சுடும் தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வையுங்கள்.