கழுத்திருவை வைத்து ஓர் எம்.பி.ஏ.வா?

போன வாரம் தேவகோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஆச்சிக்கு இதை எழுதுகிறேன். நேரில் பாதிதான் பேச முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பிதான் அன்றைக்கு அதிகம் பேசினார்.

ஆச்சியின் பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அந்தப் படிப்புக்கு வாங்கிய 4 லட்சத்துக்கு அடுத்த மாதம் தவணை தொடங்குகிறது. வேலை அமையவில்லை. அவனுடைய அம்மான், அதாவது ஆச்சியின் அந்தத் தம்பி, சொல்லும் யோசனை, வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டு வருடம், விடுதியோடு 12 லட்சம். "கழுத்திரு லாக்கர்ல சும்மாதானே கெடக்கு?" என்றார். கழுத்திரு என்பது செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டும் தங்க நகை. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஆச்சி, அன்றைக்கு 'கவலைப்படாதீர்கள்' என்று சொல்லி அனுப்பினேன். அது பாதி மரியாதைக்குச் சொன்னது. இந்தக் கடனை வாங்காதீர்கள் என்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தொகை, அதாவது இருப்புக்கும் கடனுக்குமான கணக்கு, போட்டுப் பார்க்கத் தெரிந்த குடும்பம் உங்களுடையது. போடுவோம். 12 லட்சமும் கல்விக் கடனாகவே 11 சதவீதத்தில் கிடைக்கிறது என்று வையுங்கள். படிக்கும் 2 வருடமும் அதற்குப் பிறகு 1 வருடமும் தவணை கிடையாது, வட்டி உண்டு. கூட்டு வட்டி வேண்டாம், தனி வட்டியே போட்டாலும் 3 வருடத்துக்கு 3 லட்சத்து 96 ஆயிரம். முதல் தவணை கட்டும் நாளில் கடன் ஏறத்தாழ 16 லட்சமாக நிற்கும். அதை 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 22,000. பழைய 4 லட்சத்துக்கு, 10 சதவீதம், 7 வருடம் என்றால் மாதம் 6,640. இரண்டும் சேர்ந்தால் 28,000-க்கு மேல். இருபத்தைந்து வயதுப் பையன், வாடகையும் சாப்பாடும் போக இதைக் கட்ட என்ன சம்பளம் வேண்டும் என்பதை அம்மானிடமே கேளுங்கள். அவர் கணக்கில் கெட்டிக்காரர்தான்.

இன்னொன்று. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்கும். உங்கள் வளவு வீடு, அந்தப் பரம்பரைப் பெரிய வீடு, பிரிபடாத பங்கு. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் அதை வைத்து வாங்குவது நடக்காத காரியம். அதனால்தான் பேச்சு கழுத்திருவுக்கு வந்தது. ஆனால் நகைக்கடன் வேறு ரகம். பையன் படித்து முடிக்கும்வரை அது பொறுத்திருக்காது. வருடத்துக்கு ஒரு தடவை வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தாக வேண்டும். அதை யார் கட்டுவது?

பணத்தை விடுங்கள், பையனுக்கு வருவோம். நீங்கள் இருவரும் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போன பத்து நிமிடத்தில் அவன் என்னிடம் பேசியதெல்லாம் லேத்தைப் பற்றி. சிநேகிதனுடைய அப்பாவின் பட்டறையில் மாலை நேரத்தில் நிற்கிறானாம். ஒரு மோட்டாரின் தண்டு ஏன் அடிக்கடி தேய்கிறது என்பதை என் மேசையில் கிடந்த பேனாவையும் மூடியையும் வைத்து விளக்கினான். நகக்கண்ணில் கிரீஸ். எம்.பி.ஏ.யில் என்ன பிரிவு எடுப்பாய் என்று கேட்டேன். "அம்மான் சொல்வாக" என்றான். இந்தப் பதிலுக்கு 12 லட்சம் கொடுக்கலாமா? எம்.பி.ஏ. இல்லாவிட்டால் பெண் கிடைக்காது என்கிறார்கள். 16 லட்சம் கடன் இருந்தால் மட்டும் கிடைத்துவிடுமா என்ன?

சரி, பிறகு என்னதான் செய்வது? வங்கித் தேர்வு, சாப்ட்வேர் கோர்ஸ் பற்றியெல்லாம் ஊரே சொல்லியிருக்கும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன உங்கள் முன்னோர் பையன்களை நேராக முதலாளி ஆக்கவில்லை. பெட்டியடிப் பையனாக, கடையில் தொழில் பழகும் எடுபிடியாக, உட்கார வைத்தார்கள். பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள். அந்தப் பெட்டியடிக்கு இன்றைக்குச் சட்டப்படி ஒரு பெயர் இருக்கிறது, அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர். ஐ.டி.ஐ. பையன்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தை 1973-ல் திருத்தி, பி.இ. முடித்தவர்களையும் டிப்ளமோக்காரர்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

இதற்கு 'நாட்ஸ்' என்று மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. அதில் பதிந்து ஓர் எண் வாங்க வேண்டும். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருந்தால் போதும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம், திருச்சி பெல், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் ஆள் எடுப்பவை. பல இடங்களில் எழுத்துத் தேர்வே கிடையாது; மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போட்டுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள். காரைக்குடி மண்டலப் பணிமனையில் இடம் அமைந்தால் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸிலேயே போய்வரலாம். பஸ் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில் நிற்பதை அவன் வேண்டாம் என்பானா?

பயிற்சி ஒரு வருடம். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று 2019-ல் விதியைத் திருத்தினார்கள். இதில் பாதி மத்திய அரசு தருவது. 9,000-லேயே நின்றாலும் பழைய தவணை 6,640 போகக் கையில் 2,360 மிஞ்சும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கழுத்திரு லாக்கரிலேயே இருக்கும், பையன் பேரில் வங்கியில் தவணை தவறியதாகவும் பதிவாகாது. முடிவில் வாரியம் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். முக்கியமாக, ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்த அனுபவம் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். அதனால் சும்மா இருக்க வேண்டாமே என்று எங்காவது சேர்த்துவிட்டு, அப்புறம் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

அந்த ஒரு வருடம் போன பிறகும் அவனுக்கே மேலே படிக்க ஆசை வந்தால் படிக்கட்டும். கேட் (GATE) என்ற பொறியியல் மேற்படிப்புக்கான தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 12,400 உதவித்தொகை உண்டு. அந்த மதிப்பெண் 3 வருடத்துக்குச் செல்லும், அவசரமில்லை.

வரும் வியாழக்கிழமை பையனை மட்டும் அனுப்புங்கள் ஆச்சி. வங்கியிலிருந்து முதல் கடனின் கணக்கு விவரத்தை வாங்கிக்கொண்டு வரட்டும். நான் போட்டது தோராயம்தான், அதில் உண்மையான வட்டி விகிதம் இருக்கும். நாட்ஸ் பதிவை இங்கேயே உட்கார்ந்து முடித்துவிடலாம். தம்பி கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.