நிலத்துக்குப் போடலாமா நார்க்கழிவு?

கேள்வி: பாலக்காடு எல்லையில், வேலந்தாவளம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி. கயிறு மில்லிலிருந்து தென்னை நார்க்கழிவை லாரியில் வாங்கி அப்படியே கொட்டி உழுதோம். சோளம் வெளிறி நிற்கிறது. ஏன்?

பதில்: கழிவு நல்லதுதான் அம்மா, பச்சையாகப் போட்டதுதான் சிக்கல். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 112 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பயிருக்கு மிஞ்சாது.

மட்க வைத்துப் போடுங்கள். நிழலில் 100 கிலோவைப் பரப்பி, சிப்பிக்காளான் வித்து ஒரு புட்டி தூவுங்கள். மேலே இன்னொரு 100 கிலோ, அதன்மேல் 1 கிலோ யூரியா. இப்படியே மாற்றி மாற்றி இடுப்புயரம் அடுக்குங்கள். ஒரு டன்னுக்கு 5 புட்டி, 5 கிலோ யூரியா. ஈரம் காயவே விடக்கூடாது. வெயில் நாளில் குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள், மேலே ஈரமாக இருந்தும் உள்ளே பொடியாக உதிரும். இரண்டு மாதத்தில் கறுத்து, மண் வாசம் வரும். ஏக்கருக்கு 5 டன், கடைசி உழவில்.

நம் பக்கத்து மண்ணுக்கு இதைவிட உருப்படியான பொருளை நான் பார்க்கவில்லை, மழை நின்றாலும் வேரடியில் ஈரம் நிற்கும். அப்புறம், தேங்காய் உரித்த மட்டைகளையும் எரிக்காதீர்கள். தென்னைக்கு நடுவே குழி எடுத்து, குழிவான பக்கம் மேலே பார்க்கப் புதையுங்கள்.

இப்போது நிற்கும் சோளத்துக்கு, அடுத்த மழை ஈரத்தில் கொஞ்சம் யூரியா மேலுரமாகக் கொடுங்கள்.