‘ஃபயர்டு’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்

கேள்வி: நான் ஆறு வருடம் வேலை பார்த்த நிறுவனத்தில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வில், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். ‘ஐ வாஸ் ஃபயர்டு’ என்றேன். அதோடு அவர்கள் முகமே மாறிவிட்டது. எங்கே தவறினேன்? இனி ஏதாவது செய்ய முடியுமா? வேலை சம்பந்தமான ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாகக் கொடுத்தால் மனப்பாடமே செய்துவிடுவேன்.

பதில்: நீங்கள் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பொருள்தான் உங்கள் காலை வாரிவிட்டது. ‘ஃபயர்டு’ என்றால், இவருடைய நடத்தையோ வேலையோ சரியில்லை என்று வெளியே அனுப்பினார்கள் என்று அர்த்தம். ‘சீட்டைக் கிழித்துவிட்டார்கள்’ என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அது. இவர் என்ன செய்து தொலைத்தாரோ என்று எதிரே இருந்தவர்கள் யோசித்திருப்பார்கள்.

தமிழில் ‘வேலை போய்விட்டது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஏதோ வேலை தானாக எழுந்து போனது மாதிரி, அதில் யார் மேலும் பழி விழாது. ‘ஐ லாஸ்ட் மை ஜாப்’ என்பதும் அப்படித்தான், ஆனால் நேர்முகத் தேர்வில் அதோடு விடமாட்டார்கள், எப்படி என்று கேட்பார்கள். அப்போது எந்த வினைச்சொல்லை எடுக்கிறீர்கள் என்பதில்தான் பழி யாருக்கு என்பது முடிவாகிறது. உங்கள் விஷயத்தில் சொல்ல வேண்டியது ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’. தப்பு உங்களுடையது இல்லை, நிறுவனத்துக்கு அந்த வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை என்று இதற்குப் பொருள். இதில் ‘வாஸ்’ விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஐ லெய்ட் ஆஃப்’ என்று ஆரம்பித்தால், நீங்கள் யாரையோ வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் செய்தித் தமிழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனம் செலவைக் குறைக்க ஆயிரம் பேரை அனுப்பினாலும் ‘பணிநீக்கம்’, கையாடல் செய்த ஒருவரை அனுப்பினாலும் ‘பணிநீக்கம்’. ஆங்கிலத்தில் முதலாவது லே ஆஃப், இரண்டாவது டிஸ்மிஸல். லே ஆஃபுக்குத் தமிழில் ‘ஆட்குறைப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘பணியிடை நீக்கம்’ வேறு, அது சஸ்பென்ஷன்.

பிரிட்டிஷ் நிறுவனம் என்றால் இன்னொரு சொல் வேண்டும்: ‘ஐ வாஸ் மேட் ரிடண்டன்ட்’. கேட்க அவமானமாக இருக்கும், ஏனென்றால் ரிடண்டன்ட் என்றால் ‘தேவைக்கு மேல் மிஞ்சியது’. ஆனால் அங்கே மிஞ்சிப்போவது பதவிதான், ஆள் இல்லை. 1965-லேயே இப்படி வேலை இழப்பவர்களுக்கு ஈட்டுத்தொகை தரச் சட்டம் கொண்டுவந்த நாடு அது, அதனால் அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் வழக்கில் லே ஆஃப் என்பது வேலை இல்லாத நாட்களில் தற்காலிகமாக அனுப்பிவைப்பதையும் குறிக்கும் என்பதால், ரிடண்டன்ட் என்று சொல்வதுதான் தெளிவு. 2020-ல் பெருந்தொற்றின்போது அடிக்கடி கேட்ட ‘ஃபர்லோ’ வேலை போவதைக் குறிக்காது. வேலைக்கு வர வேண்டாம், ஆனால் நீங்கள் எங்கள் ஊழியர்தான் என்பது அது.

‘தே லெட் மீ கோ’ என்பது மழுப்பலான பேச்சு. ஃபயர் செய்ததையும் அப்படிச் சொல்வார்கள், ஆட்குறைப்பையும் அப்படிச் சொல்வார்கள், எனவே உங்களுக்கு உதவாது. நம்மில் பலர் விலகல் கடிதம் கொடுத்து முறையாக வெளியே வந்துவிட்டு ‘ஐ காட் ரிலீவ்டு’ என்பார்கள். மற்ற நாட்டவர் காதில் இது விபரீதமாக விழலாம். ‘ரிலீவ்டு ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்’ என்பது ஒருவரைப் பதவியிலிருந்து நாசூக்காகத் தூக்கியதைச் சொல்லும் தொடர். தானாக விலகினால் ‘ஐ ரிசைன்டு’ போதும். ‘ஐ கேவ் நோட்டீஸ்’ என்றாலும் அதுவே. ‘ஐ வாஸ் கிவன் நோட்டீஸ்’ என்றால் கதை தலைகீழ்.

சரி, பட்டியல். தர மாட்டேன். மனப்பாடம் செய்த மரபுத்தொடரை நேர்முகத் தேர்வில் வலிந்து நுழைத்தால் நாடக வசனம் மாதிரி இருக்கும். அடுத்தவர் சொல்லும்போது புரிந்தால் போதும். ‘லேர்ன் தி ரோப்ஸ்’ என்றால் தொழிலின் நெளிவுசுளிவைக் கற்பது, பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதற்கென்று கற்றதிலிருந்து வந்தது. ‘கால் இட் எ டே’ என்றால் இன்றைக்கு இது போதும், கிளம்பலாம் என்பது.

சிலவற்றை மட்டும் தெரிந்தே தவிர்க்க வேண்டும். வேலையைச் சீக்கிரம் முடித்த பெருமையில் ‘ஐ கட் கார்னர்ஸ்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறுக்குவழி கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறார் பாவம், அது தரத்தில் கைவைத்ததற்கான ஒப்புதல் வாக்குமூலம்! ‘ஐ ஆம் எ வர்க்கஹாலிக்’ என்பதும் பாராட்டாக ஒலிக்காது, குடிக்கு அடிமையானவரைச் சொல்லும் ‘ஆல்கஹாலிக்’ வார்ப்பில் உருவான சொல் அது. ஓய்வு நேரத்தில் வெளிவேலை செய்பவர் ‘மூன்லைட்டிங்’ என்ற சொல்லைத் தொடாமல் இருப்பது நல்லது. முதலாளிக்குத் தெரியாமல் செய்கிற வாடை அதில் உண்டு. ‘ஃப்ரீலான்ஸ்’ என்றால் அந்த வாடை இல்லை.

இதையெல்லாம் விட அதிகம் அடிபடுவது சாதாரண ‘வேலை’தான். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் ஜாப் எண்ணக்கூடியது, வர்க் எண்ண முடியாதது. ‘எ வர்க்’ கிடைத்தது என்று சொல்லக் கூடாது, ‘எ ஜாப்’. இன்று எனக்கு ‘த்ரீ வர்க்ஸ்’ இருக்கிறது என்றும் கூடாது, ‘த்ரீ திங்ஸ் டு டூ’. ‘வர்க்ஸ்’ என்றால் கேட்பவருக்கு ஆலையோ ஒரு கலைஞரின் படைப்புகளோ நினைவுக்கு வரும்.

அப்புறம், நடந்துபோன அந்த நேர்முகத் தேர்வு. முடிவு சொல்லாத வரை கதவு மூடவில்லை. இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேசும்போது தவறான சொல்லைப் பயன்படுத்திவிட்டேன், பிரிவு மூடப்பட்டதால் ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’ என்பதே சரி, நிறுவனம் கொடுத்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதாதீர்கள், ‘ஃபயர்டு’ என்ற சொல்லை அதில் திரும்பவும் எழுதிவிடாதீர்கள்.