வெட்டுப்புள்ளி வருமுன் முற்பணம் கட்டலாமா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தேன். பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் விண்ணப்பித்துவிட்டு, அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறேன். இதற்கிடையில் முகவர் ஒருவர் மூலம் வெளிநாட்டு மருத்துவப் பல்கலைக்கழகமொன்றின் நிபந்தனையுடனான அனுமதிக் கடிதம் வந்துள்ளது. நேர்முகப் பரீட்சை அடுத்த மாதம் இணையவழியில் நடக்கும். ஆனால் முற்பணத்தைப் பத்து நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்கிறார் முகவர். ஓய்வு பெறும் அப்பா தமது சேமலாப நிதிப் பணத்தைத் தருவதாகச் சொல்கிறார். நேர்முகத்தில் என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. அம்மாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொன்னதைத் தவிர எனக்கு வேறு அனுபவமில்லை.
— மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், அப்பாவின் பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது.

அந்தப் பத்து நாள் கெடு பல்கலைக்கழகம் விதித்ததா, முகவர் விதித்ததா என்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள். முகவர் தரும் முகவரிக்கு எழுத வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள அனுமதிப் பிரிவின் முகவரிக்கு நேரடியாக எழுதி, இப்படியொரு கடிதம் உங்கள் பெயருக்கு வழங்கப்பட்டதா, நேர்முகத்துக்கு முன்னரே முற்பணம் ஏன், தேறாவிட்டாலோ நீங்களே விலகினாலோ அது திரும்பக் கிடைக்குமா, உள்நாட்டு முடிவு வரும்வரை அவகாசம் தருவார்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரவேண்டும். பணம் தனிநபர் கணக்குக்குப் போவதாக இருந்தால் ஒரு சதமும் கட்டாதீர்கள். முப்பது வருடம் மலையேறி இறங்கிச் சேர்த்த காசை வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பட்டத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரிக்கிறதா என்பதையும் சபையிடமே கேளுங்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே உள்ளகப் பயிற்சிக்குச் செல்லுமுன் ஈ.ஆர்.பி.எம். எனப்படும் பதிவுப் பரீட்சையில் தேற வேண்டும். அதற்கான காலத்தையும் செலவையும் முகவர்கள் பெரும்பாலும் கணக்கில் காட்டுவதில்லை.

உள்நாட்டு வாய்ப்பை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அரச மருத்துவ பீடங்களுக்கு நேர்முகமே கிடையாது. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளிதான் தீர்மானிக்கிறது. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே கொழும்பு மாணவியின் புள்ளியோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோகாமல், கடந்த ஆண்டுகளில் நுவரெலியா மாவட்டத்துக்கு வெளியான வெட்டுப்புள்ளிகளை எடுத்து உங்கள் புள்ளியை அருகில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் மிகக் குறைவென்றால் காத்திருப்பதே நியாயம். அரச பீடங்களில் கல்விக் கட்டணம் இல்லை.

இனி நேர்முகம். அனுபவம் இல்லை என்று எழுதிய அதே வரியில், பல மாணவர்களுக்குக் கிடைக்காத ஓர் அனுபவத்தை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். லயத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன எவருக்கும், நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே நிற்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அம்மாயி தமது உபாதை ஒன்றைப் பேத்தியின் வாயால் சொல்லக் கூச்சப்பட்டாரா? வைத்தியர் சொன்னதில் எதையாவது அவர் பயந்துவிடுவார் என்று நீங்கள் மெதுவாக்கிச் சொன்னீர்களா, அல்லது சொல்லாமலே விட்டீர்களா? அப்படி விட்டிருந்தால் அது சரிதானா? நோயாளியின் சம்மதம், அந்தரங்கம், உண்மையை அறியும் உரிமை என்று மருத்துவ அறநெறி பேசுபவை எல்லாம் அந்தச் சிறிய அறைக்குள் உங்கள் முன் நடந்திருக்கின்றன. நடந்ததை நடந்தபடி கூறி, இன்று அதே இடத்தில் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவறு செய்திருந்தால் மறைக்க வேண்டாம். அதை நீங்களே கண்டுகொண்டீர்களா என்பதைத்தான் கேட்பவர்கள் கவனிப்பார்கள்.

எந்த முறையில் கேட்பார்கள் என்பதையும் விசாரித்து வையுங்கள். சில இடங்களில் ஒரு குழு முன்னால் அரைமணி நேரம் பேச்சு. வேறு சில இடங்களில் எம்.எம்.ஐ. எனப்படும் பல சிறு நேர்முகங்கள் கொண்ட முறை, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான அம்முறையில் சில நிமிடங்களுக்கு ஒரு கேள்வியாகப் பல நிலையங்களைக் கடக்க வேண்டும், ஒன்றில் தடுமாறினாலும் அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம். எதுவாயினும் மனனம் செய்த பதில் வேண்டாம். ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற அச்சமிருந்தால், அம்மாயியின் கதையை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு சிறிய ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். ஆங்கில ஆசிரியர் ஒருவரை எதிரே உட்காரவைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மலையில் மழை பெய்தால் சிக்னல் போகும், மின்சாரமும் போகும். அன்றைக்கு ஹட்டனிலோ வேறு நகரிலோ நம்பகமான இணைப்புள்ள இடமொன்றை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பதில் வந்ததும் அதை அப்பாவுக்குத் தமிழில் வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள். அம்மாயிக்கு மொழிபெயர்த்ததைப் போலல்ல. இதில் ஒரு வரியையும் மெதுவாக்காதீர்கள்.