கப்பல் காத்திருக்காது: லங்காவியில் ஒரு பகல்

ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்த நாங்கள் இன்று மலேசியாவில் பந்திங்கைச் சுற்றி ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். அடுத்த மாதம் எல்லாரும் சேர்ந்து கப்பலேறி லங்காவித் தீவும் தாய்லாந்தின் புக்கெட்டும் போய் வரப்போகிறோம். கப்பல் சமையற்கட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் கேள்விகள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

பூக்கடை அக்கா: கிள்ளான் டவுன் நெரிசலைத் தாண்டி எப்படிப் போவது, தம்பி?

டவுனுக்குள் போகவே வேண்டாம் அக்கா. கப்பல்துறை இருப்பது புலாவ் இண்டாவில். எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலை நம் பக்கமாக வந்து அங்கேதான் முடிகிறது. பாஸ்போர்ட் மட்டும் மறக்காதீர்கள். புக்கெட் இருப்பதால் ஐசி (அடையாள அட்டை) போதாது.

லோரி ஓட்டும் தம்பி: லங்காவியில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று பயணத் தாளில் போட்டிருக்கிறது. கேபிள் கார், தீவுச் சுற்று, குவா டவுன், மூன்றையும் பார்த்துவிடலாமா அண்ணே?

அந்த ஒன்பது மணி நேரம் கப்பலுக்கு, உனக்கு இல்லை. இறங்க வரிசை, புறப்படுவதற்கு அரை மணி முன்பாவது ஏறிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது ஆறேழு மணி. ஒன்றைத் தேர்ந்தெடு. கேபிள் காரில் மாட் சின்சாங் மலைமேல் நின்று பார்ப்பது அழகுதான், ஆனால் மேகம் மூடினால் பணம் போச்சு. என் ஓட்டு தீவுச் சுற்றுக்கு. படகில் தீவு தீவாகப் போய்வர நாலு மணி நேரம் ஆகும்.

முதலில் தாயாங் புந்திங், அதாவது கர்ப்பிணிப் பெண் தீவு. கடலிலிருந்து பார்த்தால் மலையே மல்லாந்து படுத்த பெண்ணைப் போலத் தெரியும். உள்ளே நன்னீர் ஏரி. சுண்ணாம்புக் குகை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. ஒரு பாறைச்சுவருக்கு அந்தப்புறம் உப்புக்கடல். பிள்ளை இல்லாதவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பலிக்கும் என்பது மலாய்க்காரர்களின் பழைய நம்பிக்கை. நான் குளிக்க மட்டும் சொல்வேன். அடுத்து பருந்துகள். செம்பழுப்பு உடல், வெள்ளைத் தலை. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதே பறவை. லங்காவி என்ற பெயரே இந்தப் பருந்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். படகுக்காரர் கோழித்தோல் வீசி வரவழைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீசாமலே தலைக்கு மேல் வட்டமிடும். கடைசியாக பெராஸ் பாசா, ‘நனைந்த அரிசி’ தீவு. வெள்ளை மணல், குளியல், அவ்வளவுதான்.

அதே அக்கா: புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாமா?

ஏரிப் பாதையில் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சத்தம் கேட்டாலே வந்துவிடும். சோற்றைப் பைக்குள்ளே வைத்து ஜிப் போடுங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

ஒரு பெரியவர் (பெயர் சொல்ல வேண்டாமாம்): லங்காவியில் ‘சரக்கு’ மலிவாமே?

1987 முதல் வரியில்லாத் தீவு, மலிவுதான் அய்யா. ஆனால் வெளியே கொண்டுபோக வரிவிலக்கு வேண்டுமென்றால் 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். நாம் தங்குவது ஒரு பகல். பெட்டிக் கனவை விட்டுவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: கடலில் ஜெல்லி மீன் இருக்குமா?

இருக்கும், சிலது ஆபத்தானது. நீளக் கை வைத்த குளியல் உடுப்பு போடுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். வினிகர் ஊற்றிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. ஒரு சின்னப் போத்தல் வினிகர் பையில் இருக்கட்டும்.

லோரி தம்பி: புக்கெட்டிலும் இதே கணக்குதானா?

அங்கே இன்னும் கவனம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதென்று இறங்கும்போதே கேட்டுக்கொள். ஒருமுறை என் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட, மூன்று மணிதானே என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் நாலு! கரையிலிருந்து ஆள் ஏற்றும் கடைசிப் படகில் தாவி ஏறினேன். கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். சொந்தமாகப் போனால் டாட்டா காட்டிவிடுவார்கள்.

ஒரு மருமகள்: அத்தைக்கு முட்டிவலி. படகில் ஏற முடியாதே?

ஏரிக்குப் போகப் படியும் ஏற வேண்டும், அத்தைக்கு வேண்டாம். அன்று கப்பலிலேயே இருக்கட்டும். எல்லாரும் இறங்கிவிட்டால் நீச்சல்குளத்து நாற்காலி முழுக்க காலி, சாப்பாட்டுக்கு வரிசை கிடையாது. சமையல்காரர்கள் சும்மா நிற்பார்கள். கேட்டால் தனியாக ஒரு முட்டைதோசைகூடச் சுட்டுத் தருவார்கள். நான் தந்திருக்கிறேன்.