இன்ஸ்டாகிராமில் 6,000 பேர் இருந்தும் ஆர்டர் வரவில்லை. மாதம் 10,000 ரூபாய் கொடுத்து ஏஜென்சி வைக்கலாமா?

வீட்டில் சத்துமாவு அரைத்து விற்கிறீர்கள், பக்கத்தில் 6,000 பேர் சேர்ந்தும் வாரத்துக்கு நாலு ஆர்டர் தாண்டவில்லை, ஆன்லைனில் பெயரும் விற்பனையும் வளர ஏஜென்சியிடம் மாதம் 10,000 கொடுக்கலாமா, வீடியோ போட்டால் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம் சகோதரி. (சகோதரி என்பது என் ஊகம்தான், தப்பென்றால் மன்னியுங்கள்.) இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு "எல்லா ஏஜென்சியும் அப்படி இல்லை" என்று சிலர் கமெண்டில் வருவார்கள். இல்லைதான். நல்லவர்கள் இருக்கிறார்கள், பெரிய கடைகளுக்கு அவர்கள் தேவையும்கூட. வாரத்துக்கு நாலு ஆர்டரில் நிற்கிற ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த இடத்தில் நின்று கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு உடன்குடிக் கருப்பட்டி விற்கிறேன். என் சித்தப்பா பனையேறி. மாசிக் கடைசியில் பாளை சீவ ஆரம்பித்தால் ஆடி வரை காலையும் மாலையும் மரம்தான். சித்தி விடிலியில் (பதனீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை) உட்கார்ந்து பதனீர் காய்ச்சுவார். எட்டு பத்து லிட்டர் பதனீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். அந்த உழைப்புக்கு வியாபாரி கொடுத்த விலையையும், அதே கருப்பட்டி சென்னைக் கடையில் விற்ற விலையையும் பார்த்து வயிறு எரிந்துதான் 2019இல் நானே விற்கிறேன் என்று இறங்கினேன். முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அப்புறம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். உங்களைப் போலவே லைக் வந்தது, ஆர்டர் வரவில்லை.

2021 ஜனவரியில் ஒரு ஏஜென்சி. மாதம் 8,000. பேசின பையன் நல்ல மரியாதையாகப் பேசினான். "அக்கா, உங்க பழைய பக்கம் சரியில்ல, நாங்களே புதுசா ஆரம்பிச்சுத் தர்றோம்" என்றான். பக்கம், கூகுள் மேப்பில் கடை, விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் அவர்களே திறந்தார்கள். எந்த மின்னஞ்சலில் திறந்தார்கள், எந்த போன் நம்பரைக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. தினமும் ஒரு படம் வரும். "காலை வணக்கம்" படம், பண்டிகை வாழ்த்துப் படம், மூலையில் என் கடைப் பெயர். 4,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் எந்த ஊர்க்காரர்கள் என்றே தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் கருப்பட்டிப் படத்துக்குக் கைதட்டும் குறி போட்டுவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்டில் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். ஒரு வாரத்தில் பக்கத்துக்குள் என்னால் நுழைய முடியவில்லை. கேட்டால் "அது எங்க கணக்குல இருக்குக்கா, மூணு மாசத்து பாக்கி இருக்கு" என்றார்கள். பாக்கியெல்லாம் கிடையாது, ரசீது என்னிடம் இருக்கிறது. எட்டு மாதப் பணம் 64,000 ரூபாய். சீசனில் சித்தப்பா ஏறின ஏற்றமெல்லாம் அதில் போனது. அந்த ஏஜென்சியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தயவுசெய்து கேட்க வேண்டாம்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது ஒரு நீள நோட்டு. முதல் ஆர்டரிலிருந்து எழுதிவந்த நோட்டு. பெயர், ஊர், போன் நம்பர், எத்தனை கிலோ, அப்புறம் கடைசிக் கட்டத்தில் "எதுக்கு" என்று ஒரு குறிப்பு. பார்சல் கட்டும்போது பேச்சுவாக்கில் அவர்கள் சொல்வதை அதில் எழுதிவைப்பேன். "பொண்ணு வயசுக்கு வந்திருக்கா, உளுந்தங்களிக்கு." "மாமியாருக்கு, கருப்பட்டிக் காபி." "மருமகள் பிள்ளை பெத்திருக்கா." இப்படி 312 பேர். நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். "வாங்கிக்கோங்க" என்று சொல்லவில்லை. "போன தடவை அனுப்பினது எப்படி இருந்துச்சு, களி நல்லா வந்துச்சா" என்றுதான் கேட்டேன். கோயம்புத்தூரில் ஒரு அம்மா, "மூத்தவளுக்கு அப்ப உங்கிட்ட வாங்குனது, இப்ப இளையவளுக்கும் வேணும், உன் நம்பரைத் தொலைச்சிட்டேன்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் நம்பர் அவரிடம் இல்லை! எட்டு மாதம் முகம் தெரியாதவர்களுக்குக் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தேன், என்னைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு என் நம்பர் கிடைக்கவில்லை. அந்த நான்கு நாளில் 58 பேர் மறுபடி வாங்கினார்கள். ஏஜென்சி இருந்த எந்த மாதத்திலும் அவ்வளவு வந்ததில்லை.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த நோட்டு. கணினியில் போட்டாலும் சரி, காகிதமானாலும் சரி. உங்களிடம் ஒரு தடவையாவது வாங்கினவர்கள்தான் உங்கள் கடை. அந்த 6,000 பேர் வழியே போகிற கூட்டம்.

வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பட்டியல்) போடுகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டு வைக்கிறேன். "இந்த நம்பரை 'உடன்குடிக் கருப்பட்டி' என்று சேமித்துக்கொள்ளுங்கள்" என்று இருக்கும். என் பெயரைப் போடச் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து அவர்கள் போனில் தேடப்போவது என் பெயரை இல்லை, பொருளின் பெயரைத்தான். செய்தியும் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் அனுப்புவதில்லை. தினமும் அனுப்பினால் நம்மை பிளாக் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் கூகுள் விமர்சனம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒற்றை நட்சத்திரத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நானும் நடுங்கியிருக்கிறேன்.

2021 நவம்பரில் சென்னையில் பெய்த மழை நினைவிருக்கும். திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை செய்ய ஒருவர் மூன்று கிலோ கேட்டிருந்தார். புதிதாக என் சொந்த மின்னஞ்சலில் திறந்த கூகுள் கடையில் அப்போது மொத்தமே ஐந்து விமர்சனம்தான். நான் வழக்கம்போலச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினேன். பெட்டி கூரியர் கிடங்கில் நாலு நாள் ஈரத்தில் கிடந்திருக்கிறது. கார்த்திகைக்கு முந்தின நாள் விமர்சனம் வந்தது, படத்தோடு. அட்டை ஊறித் தொங்குகிறது, உள்ளே கருப்பட்டி கரைந்து கூழாகிவிட்டது, அதில் செய்தித்தாளின் எழுத்து தலைகீழாக அச்சு பதிந்திருக்கிறது. "காசு கொடுத்துக் குப்பை வாங்கினேன்" என்று எழுதியிருந்தார்.

கூரியர்காரர் மேல் பழி போட்டு ஒரு பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி இளகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற இடத்தில் வைத்துப் பாதுகாப்பார்கள். அது தெரிந்த நானே அதைக் காகிதத்தில் சுற்றி அனுப்பினால் தப்பு யாருடையது? உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டவே கூடாது என்று விதி இருப்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அம்மா, தப்பு என்னுடையதுதான். மழைக்கு ஏற்ற மாதிரி நான் கட்டவில்லை. பண்டிகைக்கு உதவாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். பணத்தை இப்போதே திருப்பி அனுப்புகிறேன், புதுக் கருப்பட்டியும் வேறு மாதிரிக் கட்டி வரும்" என்று அங்கேயே எல்லோரும் பார்க்க எழுதினேன். சொன்னபடி செய்தேன். பட்டர் பேப்பர், அதற்கு மேல் கனமான உறையில் சூடு வைத்து ஒட்டி, பிறகு பெட்டி.

அந்த அம்மா விமர்சனத்தை மாற்றவில்லை. இன்றைக்கும் அந்த ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் புதிதாகக் கூப்பிட்ட எத்தனையோ பேர், "அந்த மழைப் பார்சலுக்கு நீங்க எழுதின பதிலைப் படிச்சேன், அதான் கூப்பிட்டேன்" என்றார்கள். அதனால் ஒரு மோசமான விமர்சனம் வந்தால் அதை நீக்கச் சொல்லி ஆளைப் பிடிக்காதீர்கள். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்கவும் வேண்டாம்.

வீடியோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பின்னணிப் பாட்டு போட்டுப் பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவதால் ஒன்றும் நடக்காது. ஜனங்கள் "கருப்பட்டி வாங்க" என்று தேடுவதைவிட "நல்ல கருப்பட்டி எப்படிக் கண்டுபிடிப்பது" என்றுதான் தேடுகிறார்கள். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் அவ்வளவு இருக்கிறது. இரண்டு கருப்பட்டியைப் பக்கத்தில் வைத்துத் தட்டி உடைத்து, உடைந்த இடத்தைக் கிட்டத்தில் காட்டி, "இது மினுங்குது பாருங்க, இது மினுங்கல" என்று சித்தப்பா குரலில் 40 விநாடி எடுத்தேன். என் கையும் கருப்பட்டியும் மட்டும்தான் தெரியும். இன்றுவரை எனக்கு ஆள் கொண்டுவருவது அந்த ஒரு வீடியோதான். உங்கள் சத்துமாவுக்கும் அப்படித் தாய்மார்கள் ராத்திரியில் தேடுகிற கேள்வி இருக்கும். எத்தனை மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாம், கட்டி விழாமல் எப்படிக் கிண்டுவது, வறுத்ததா முளைகட்டியதா. அதற்குப் பதில் சொல்லுங்கள். "பிள்ளை ஒரே மாதத்தில் கொழுகொழுவென்று ஆகும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீடியோ என்றதும் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஒருவர் கேமராவோடு சித்தப்பாவிடம் வந்தார். வெளிச்சம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று உச்சி வெயிலில் மூன்று தடவை மரம் ஏறச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவுக்கு 61 வயது. விருந்தாளியிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன், ஏறி இறங்கியிருக்கிறார். நெஞ்சில் பனஞ்சிராய் கிழித்த காயத்தோடு அன்று சாயங்காலம் பாளை சீவ ஏறவில்லை, பதனீர் கெட்டது. வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அதில் சித்தப்பா பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, அவரிடம் கருப்பட்டி கிடைக்கும் என்ற ஒரு வரி இல்லை. ஒரு கிலோ வாங்கிக்கூடப் போகவில்லை. சோகமான புல்லாங்குழல் மட்டும் இருந்தது. பனை நம் மாநில மரம் என்று பெருமையாகப் பேசுகிறோம், ஏறுகிறவர் மகன் ஏறத் தயாராக இல்லை. சித்தப்பா மகன் திருப்பூரில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேஷ் ஆன் டெலிவரியை நான் நிறுத்திவிட்டேன். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போன கட்டணம், வந்த கட்டணம் இரண்டும் நம் தலையில். யுபிஐயில் 50 ரூபாயாவது முன்பணம் வாங்குங்கள், அதைக் கொடுத்தவர் பார்சலைத் திருப்ப மாட்டார். பெட்டியைச் சின்னதாகப் பிடியுங்கள். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கணக்கிடுவார்கள். சத்துமாவு ஒரு கிலோவைப் பெரிய பெட்டியில் போட்டால் இரண்டு கிலோவுக்குக் காசு கொடுப்பீர்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எடுத்துவிட்டீர்களா? நான் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு பொருந்தாது. 2022 ஜூலையில் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய கருப்பட்டிக்கு 5 சதவீதம் வந்தபோது பெங்களூரு வாடிக்கையாளர்களுக்காக நான் பதிவு எடுக்க வேண்டியதாயிற்று. நான் ஆடிட்டர் இல்லை, உங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பாடு எப்போதாவது ஏஜென்சி வைத்தால், எல்லாக் கணக்கையும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் உள்ள சிம்மில் நீங்களே திறந்துவிட்டு, அவர்களுக்கு உள்ளே நுழைய அனுமதி மட்டும் கொடுங்கள். நிறுத்தும் அன்று அதை நீங்களே நீக்கிவிடலாம்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். போன வருஷம் எட்டு மாதக் கைக்குழந்தைக்கு உங்களிடம் மாவு வாங்கினவரின் பிள்ளை இந்நேரம் ஓடியாடிக்கொண்டிருக்கும். அதற்கு அந்த நைஸ் மாவு வேண்டாம், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது வேண்டும், அடை தட்ட. அவர் அடுத்து வாங்கப்போவது அதைத்தான், உங்களிடமா வேறு யாரிடமா என்பதுதான் கேள்வி. நாளைக்குக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள்.